மறு: ஸ்ட்ராண்டட் அசெட்: ‘தரைதட்டு சொத்து’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். பழுதில்லாமல் இருந்தும், விதியோ சந்தையோ மாறியதால் எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே மதிப்பிழக்கும் சொத்துதான் ‘ஸ்ட்ராண்டட் அசெட்’. அதற்குத் தமிழில் ‘தரைதட்டு சொத்து’ என்று நான் சொன்னதற்கு வந்த மறுமொழிகளுக்கு இது பதில்.

> ‘முடக்கச் சொத்து’ என்றே வைத்துக்கொள்ளலாமே

வேண்டாம் ஐயா. ‘சொத்து முடக்கம்’ என்றாலே தமிழ்நாட்டுச் செய்தி பார்ப்பவர்களுக்கு அமலாக்கத்துறைதான் நினைவுக்கு வரும். இங்கே யாரும் எதையும் முடக்கவில்லை. கொதிகலன் ஓடுகிறது, சரக்கும் போகிறது, ஓட்டுவதுதான் கட்டுப்படியாகவில்லை. அக்கா சொன்ன ‘கைவிட்ட சொத்து’ம் ஒட்டவில்லை. கைவிட்டிருந்தால் தொல்லையே இல்லை, அது இன்னும் ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) அல்லவா உட்கார்ந்திருக்கிறது!

ஜூரோங் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் கரிம வரி (வெளியிடும் பசுமைக்குடில் வாயுவுக்கான வரி) 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2024இல் 25, 2026இல் 45. 2030க்குள் 50 முதல் 80 வரை என்று அரசு சொல்லியிருக்கிறது. ஆண்டுக்கு 25,000 டன் வெளியிடும் ஆலைக்கு 2019இல் 125,000 வெள்ளி, 2026இல் 1.125 மில்லியன் (சலுகை பெறும் ஆலைகள் கதை தனி). 25 ஆண்டுத் தேய்மானம் போட்டு 2018இல் வாங்கிய கொதிகலன், ஒரு திருகுகூடத் துருப்பிடிக்காமலே நட்டத்துக்கு வந்துவிடலாம்.

கப்பலில் பழுதில்லை, நீர்தான் வற்றிவிட்டது. துறைமுக ஊரில் இருந்துகொண்டு ‘தரைதட்டு’வதை விட்டு வேறு சொல் தேடுவானேன்?

> ‘தரைதட்டுச் சொத்து’ என்று ஒற்று வர வேண்டும்

வராது. ஊறுகாய் போல வினைத்தொகை, வலி மிகாது. முக்காலமும் அதில் அடங்குவது பொதுப்பேச்சுக்கு வசதி. நிறுவன அறிக்கையில் அதுவே வம்பு. கரிமம் குறைந்த பொருளாதாரத்துக்கு மாறுவதால் வரும் மாறுநிலை இடருக்கு ஆளாகக்கூடிய சொத்து எவ்வளவு, எத்தனை விழுக்காடு என்று நிறுவனங்கள் காலநிலை சார்ந்த தகவல்களை வெளியிடுவதற்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2 கேட்கிறது. அங்கே ‘தரைதட்டும் சொத்து’ என்றும், மதிப்பைக் குறைத்து எழுதி முடித்ததைத் ‘தரைதட்டிய சொத்து’ என்றும் பிரித்தே ஆக வேண்டும். முதலாளி ஏதாவது செய்ய முடிவது தட்டுவதற்கு முன்புதான். தேய்மானக் காலத்தைக் குறைக்கலாம், பழையதற்கு ஓவர்ஹால் செலவு செய்யாமல் மின்கொதிகலனுக்கு மாறலாம், நாளைய எரிபொருளும் ஏற்கும் இயந்திரமாக வாங்கலாம். புதிய எரிவாயு மின்னாக்கிகள் 30 விழுக்காடு ஹைட்ரஜனையாவது ஏற்க வேண்டும் என்று இங்கே விதித்திருப்பது கடைசி வகை.

‘ஸ்ட்ராண்டிங்’குக்குத் ‘தரைதட்டல்’ போதும். ‘டிரான்சிஷன் ரிஸ்க்’குக்கு மேலே ‘மாறுநிலை இடர்’ போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. ‘மாற்ற இடர்’ என்றால் நாணய மாற்று என்று எடுத்துக்கொள்வார்கள். யாரிடமாவது வேறு சொல் இருக்கிறதா?