புகையிலையை விடச் சொல்கிறோம், சரி. தோட்டக்காரனுக்கு அதற்குப் பதிலாக எதைக் காட்டுகிறோம்?

செம்மண்தறை:
போன கிழமை எங்கள் கமக்கார அமைப்பில் ஒரு கூட்டம். புகையிலை நடுகிறவர்களை, முக்கியமாக இளம் பெடியளை, வேறு பயிருக்குத் திருப்புவது எப்படி என்பதுதான் பேச்சு. மேடையில் இருந்தவர்கள் புற்றுநோயைப் பற்றிச் சொன்னார்கள். முடிவில் ஆளுக்கு விதைப் பைக்கற்றும் ஒரு மாங்கன்றும் கொடுத்து அனுப்பினார்கள்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் புகையிலை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தோட்டக்காரன் ஏன் அதை நடுகிறான் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. புகையிலைக்கு வியாபாரி தறைக்கே (தோட்டத்து நிலத்துக்கே) வருகிறான். முற்பணம் தருகிறவனும் உண்டு. வெட்டி, வாட்டி, புகை போட்டுக் கட்டிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. விலை படியவில்லையா, வைத்திருந்து விற்கலாம். காசும் மொத்தமாக வரும். அடைவு வைத்த நகையை மீட்பதும் மகளின் கலியாணச் செலவும் அந்தக் காசில்தான். கோவாவை வெட்டி எத்தனை நாள் வைத்திருக்கலாம்? இதற்குப் பதில் சொல்லாத எந்தத் திட்டமும் விதைப் பைக்கற்றோடு முடிந்துவிடும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தாதி_வடக்கு:
நீங்கள் சொல்வது விளங்குகிறது அண்ணா. ஆனால் இப்படிக் காரணம் சொல்லிக்கொண்டே எத்தனை வருடம் போய்விட்டது? உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை இலங்கை 2003இலேயே ஏற்றுக்கொண்டது. புகையிலைச் செய்கையாளருக்கு வாழ வழியுள்ள மாற்றுத் தொழில் காட்ட வேண்டும் என்று அதன் 17ஆம் உறுப்புரை சொல்கிறது. 2020க்குள் புகையிலைச் செய்கையே இருக்காது என்று மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்தபோது அறிவித்தார். 2020 வந்து போனது, தை மாசியில் புத்தூர், அச்சுவேலிப் பக்கம் போனால் புகையிலை நிற்கத்தான் செய்கிறது.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்தார்கள், நினைவிருக்கும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். வெற்றிலையோடு புகையிலையை அடக்கியே வைத்திருந்து, கடைசியில் ஒரு தேக்கரண்டி நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்க முடியாமல் வருகிறவர்களுக்குக் கஞ்சி பருக்குகிறோம். நடுகிறவருக்கும் பாதுகாப்பு இல்லை. பனி ஈரத்தோடு பச்சை இலையைத் தொட்டால் நிக்கொட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். காலையில் முளை முறிக்கப் போன பெண்கள் தலைச்சுற்று, வாந்தி என்று வருவது அதனால்தான். ஒரு திகதி குறித்து நிறுத்தினால்தான் எல்லோரும் மாற்று வழி தேடுவார்கள்.

துலாக்கொடி:
பிள்ளை, திகதி குறிக்கிறவர்களை நாங்கள் 2021இல் பார்த்தோம். சித்திரையில் திடீரென்று இரசாயனப் பசளை இறக்குமதி இல்லை என்றார்கள். கார்த்திகையில் அந்தத் தடையை எடுத்தார்கள். இடையில் போன விளைச்சலுக்குப் பொறுப்புச் சொன்னவர் யார்?

அதற்கு முன்னும் ஒரு கதை உண்டு. எழுபதுகளில் சிறிமாவோ பிரதமராக இருந்த காலத்தில் வெங்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வராமல் தடுத்தபோது இந்தச் செம்மண்ணில் கல்வீடுகள் எழும்பின. 1977க்குப் பிறகு கதவைத் திறந்துவிட்டார்கள், விலை விழுந்தது. இப்போதும் நாங்கள் வெங்காயம் கிண்டுகிற நேரம் பார்த்து இந்திய வெங்காயம் சந்தைக்கு வருகிறது. உருளைக்கிழங்குக்கும் அதே கதிதான். உங்கள் திட்டத்தை நம்பி மாறிய வருடமே வரியைக் குறைத்தால் எங்கே போய் நிற்பது? எங்கள் பாட்டன் காலத்துப் புகையிலை கடல் கடந்து மலையாள நாட்டுத் திருவிதாங்கூருக்குப் போனது. பச்சைக் குழையைப் பசளையாக மண்ணில் தாழ்த்தி, ஆட்டுப்பட்டி அடைத்துத் தலைமுறையாகப் பழக்கிய மண் இது. ஒரு கூட்டத்தில் கேட்ட பேச்சுக்காக அதை விட முடியாது.

தாதி_வடக்கு:
ஐயா, 2021இல் நடந்தது அநியாயம். ஒரே இரவில் நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. நான்கைந்து வருடம் முன்கூட்டியே சொல்லி, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதைத்தான் கேட்கிறேன்.

திருவிதாங்கூர்ப் பெருமை சரி. ஆனால் அந்தச் சந்தை கைவிட்டுப் போனபோது உங்கள் மூத்தவர்கள் பேசாமல் இருக்கவில்லையே. அங்கே அனுப்பிய 'மலையாளப் புகையிலை'யை விற்கவென்றே யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு விற்பனைச் சங்கம் வைத்திருந்தார்கள். பிறகு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மாறினார்கள். புகையிலைக்குச் சங்கம் கட்டத் தெரிந்த ஊருக்கு வெங்காயத்துக்கு ஒன்று கட்ட முடியாதா?

இறைப்புமெஷின்:
எனக்கு வயது 26. பெடியளைப் பற்றிக் கதைக்கிறீர்கள், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

முதலாவது காணி. நான் தோட்டம் செய்கிற பத்துப் பரப்புக் காணியும் (பரப்பு எங்கள் ஊர் நில அளவு) வெளிநாட்டில் இருக்கிற ஒருவருடையது. எழுத்து ஒன்றும் இல்லை, ரெலிபோனில் சொன்ன வாய்ச்சொல்தான். வருடா வருடம் கேட்க வேண்டும். திராட்சை போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், எண்பதுகளில் இந்த மண்ணில் திராட்சை நன்றாக விளைந்தது என்று அப்பா சொல்வார். ஆனால் தூண் நாட்டி, கம்பி இழுத்து, பந்தல் போட்டு, கொடி காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த வருடம் காணியை விற்கப்போகிறேன் என்று உரிமையாளர் சொன்னால் அந்தத் தூண்களை நான் எங்கே கொண்டுபோவேன்? புகையிலை ஒரு போகம். வெட்டினால் கணக்கு முடிந்தது. வாய்ச்சொல் குத்தகைக்கு அதுதான் தோது.

இரண்டாவது கழிவு. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: எங்கள் சந்தைகளில் 100 கிலோ கத்தரிக்காய் இறக்கினால் 10 கிலோவைக் 'கழிவு' என்று தள்ளிவிட்டு 90 கிலோவுக்குத்தான் காசு தருவார்கள். அழுகல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கணக்கு. விடிய நாலு மணிக்கு இறக்கிவிட்டு நிற்கும்போது அதைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வரவா முடியும்? இதைப் பார்த்துவிட்டுத்தான் என்னோடு படித்தவர்கள் கனடாவுக்கு ஏஜென்சிக்காரனைத் தேடுகிறார்கள்.

கழிவை எடுப்போம் என்று அதிகாரிகள் பலமுறை சொல்லிவிட்டார்கள். மட்டுவிலில் 2022இல் பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்த விற்பனைச் சந்தையும் திறந்தார்கள். அங்கே வியாபாரம் சூடுபிடிக்கவில்லை.

ஸ்காபரோவாசி:
காணி உள்ள ஒருவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் மீது பிழை சொல்வது சுலபம். பத்து வருடம் ஆண்டுவிட்டால் ஆட்சியுரிமை கேட்டு வழக்கு வரும் என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் ஒருவருக்கும் நீண்ட காலத்துக்குக் கொடுப்பதில்லை. அப்புறம், இவ்வளவு பாடுபட்டுப் பெடியளைத் தோட்டத்தில் ஏன் பிடித்து வைக்க வேண்டும்? ஒரு தொழில்நுட்பப் படிப்புக்குக் காசு கொடுத்தால் புகையிலையும் தானாக நின்றுவிடும்.

செம்மண்தறை:
அண்ணை, ஆட்சியுரிமை விசயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் அனுமதியோடு, நீங்கள்தான் உரிமையாளர் என்று ஏற்றுக்கொண்டு எழுதிய குத்தகையில் இருக்கிறவன் அந்தக் காணியை எதிராக ஆண்டதாகக் கணக்கில்லை. உறுதியாக எழுதிக் கொடுத்த குத்தகைதான் உங்களுக்குப் பாதுகாப்பு. ஆபத்து எழுத்தில்லாத வாய்ச்சொல்லில்தான் இருக்கிறது. ஒரு நொத்தாரிசிடம் கேட்டுப் பாருங்கள்.

படிக்கப் போகிறவன் போகட்டும். தோட்டம் செய்ய விருப்பமுள்ளவனுக்கும் வழி இல்லை என்பதுதான் இங்கே கதை.

கென்யாவில் மிகோரி என்ற மாவட்டம் புகையிலைக்குப் பேர்போனது. அங்கே உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து, தோட்டக்காரரை இரும்புச்சத்துக் கூடிய அவரையினத்துக்கு மாற்றினார்கள். விதையும் கடனும் பயிற்சியும் கொடுத்தார்கள், அதெல்லாம் இங்கேயும் அரைகுறையாக நடக்கிறது. அங்கே நடந்த பெரிய வேலை, விளைந்ததை வாங்க உலக உணவுத் திட்டமே நின்றது. அவரை காய்ந்த தானியம் என்பதால் கெடாமலும் இருக்கும். புகையிலையின் இரண்டு வசதியும் அதில் கிடைத்தது.

துலாக்கொடி:
நல்லது. அங்கே வாங்க ஆள் இருந்தது. இங்கே யார்?

தாதி_வடக்கு:
இங்கேயும் ஆள் இருக்கிறது ஐயா. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் மூன்று நேரமும் நோயாளருக்குச் சமையல் நடக்கிறது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கிறார்கள். நான் வேலை செய்கிற இடத்துக்கு மரக்கறி ஒப்பந்தக்காரர் மூலமாகத்தான் வருகிறது. சில நாள் தம்புள்ளையிலிருந்து வந்த, வாடிய போஞ்சியை இறக்குவார்கள். பக்கத்து ஊரில் கத்தரிக்காய் விலை போகாமல் மாட்டுக்குப் போடுவார்கள். பிரதேச மட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தோட்டக்காரரிடம் நேரே எடுத்து, நிறுத்த நிறைக்குக் காசு கொடுத்து, இந்தச் சமையலறைகளுக்குக் கொடுக்கலாம். கேள்விப் பத்திர (ரெண்டர்) விதியில் அதற்கு இடம் வைக்க மாகாண நிர்வாகம் முயன்று பார்க்கலாம்.

இறைப்புமெஷின்:
அப்படி ஒன்று வந்தால் புகையிலை நடாத முதல் ஆள் நான்தான். உண்மையாகச் சொல்கிறேன். புழு பிடுங்கி, முளை முறித்து, இரவில் புகைக்குடிலுக்குக் காவல் இருக்க எவனுக்கும் ஆசை இல்லை.

துலாக்கொடி:
கழிவு இல்லாமல் நிறுத்து, தறையில் வந்து ஏற்றுகிற ஒரு சங்கத்தைக் காட்டுங்கள். அடுத்த போகமே பாதித் தறையில் வெங்காயமும் பயறும் போடுகிறேன். மற்றப் பாதியை அது இரண்டு மூன்று வருடம் ஒழுங்காக நடந்த பிறகு பார்ப்போம். சங்கங்கள் ஆரவாரமாகத் தொடங்கி, கணக்குக் காட்டாமல் மூடியதையும் நான் கண்டிருக்கிறேன்.

தாதி_வடக்கு:
பாதி எனக்குப் போதாது ஐயா. சங்கம் வரும்வரை காத்திருப்பது ஒரு பக்கம், கடைசித் திகதி ஒன்று இருப்பது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்துதான் நடக்க வேண்டும். திகதி இல்லாவிட்டால் சங்கம் கட்ட வேண்டியவர்களுக்கும் அவசரம் இராது. இதில் நான் மாறப்போவதில்லை.

ஸ்காபரோவாசி:
செம்மண்தறை சொன்ன குத்தகை விசயத்தை யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்கச் சொல்லி இன்று தம்பிக்கு எழுதியிருக்கிறேன். அவர் சரி என்றால் என் ஆறு பரப்பை ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுக்க ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, புகையிலை நடக்கூடாது.

இறைப்புமெஷின்:
அண்ணை, காணி எந்த ஊர்? கிணறு நன்னீரா, உவரா? மின்சாரம் கிணற்றடிவரை இருக்கிறதா என்றும் தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.