1791 பிரெஞ்சு அரசியலமைப்பு: கோளாறு சட்டத்திலா, ராஜாவிடமா?

ராத்திரிப்பறவை:
பிரெஞ்சுப் புரட்சி பற்றிப் படிக்கிறேன், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். 1791இல் 16ஆம் லூயியை அரியணையிலேயே விட்டுவைத்து, ‘பிரான்ஸின் மன்னர்’ என்ற பட்டத்தை ‘பிரெஞ்சுக்காரர்களின் மன்னர்’ என்று மாற்றி, செலவுக்கு ஆண்டுக்கு 2.5 கோடி லிவர் (அப்போதைய பிரெஞ்சு நாணயம்) ஒதுக்கினார்கள். சபை போடும் சட்டத்தை அவர் தள்ளிப்போடலாம், ஒரேயடியாகக் குப்பையில் போட முடியாது. நல்ல ஏற்பாடாகத்தானே தெரிகிறது? ஏன் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை?

பழைய வாத்தியார்:
எவ்வளவு காலம் தள்ளிப்போடலாம் என்று பார்த்தீர்களா? அடுத்து வரும் இரண்டு சபைகளும் அதையே மறுபடி நிறைவேற்றினால்தான் அவர் சம்மதம் இல்லாமல் சட்டமாகும், ஒரு சபையின் ஆயுளோ 2 ஆண்டு. அமைதியான காலத்தில் பொறுத்திருக்கலாம். 1792 ஜூனில் ஆஸ்திரியாவுடன் போர் நடக்கிறது, பாரிஸ் அருகே 20,000 படைவீரர்களுக்கு முகாம் போடச் சபை தீர்மானிக்கிறது, லூயி வீட்டோ போடுகிறார், அதாவது சம்மதிக்க மறுக்கிறார். அவரால் சபையைக் கலைக்க முடியாது, சபை உறுப்பினர் யாரும் அமைச்சராகவும் முடியாது. முட்டிக்கொண்டால் தீர்த்துவைக்க வழியே இல்லை, அப்புறம் தெருதான். ஜூன் 20 அன்று கூட்டம் லூயி இருந்த டுய்லரி அரண்மனைக்குள் புகுந்தது. மனிதர் புரட்சிக்காரர்களின் சிவப்புக் குல்லாயை மாட்டிக்கொண்டு, தேசத்தின் நலத்துக்கு என்று ஒயினும் குடித்தார், வீட்டோவை மட்டும் விடவில்லை. ஆகஸ்ட் 10இல் அவர் ஆட்சியே கவிழ்ந்தது, எல்லாம் முடிந்தது.

முட்டுச்சந்து:
வாத்தியார் ஆளை லேசாக விட்டுவிட்டார். 1791 ஜூனில் இந்த ஆள் குடும்பத்தோடு மாறுவேடத்தில் ஓடி, வரேன் என்ற ஊரில் பிடிபட்டார். போகும்போது புரட்சியைத் திட்டி நீளமாக எழுதியும் வைத்துவிட்டுப் போனார். சபை என்ன சொன்னது தெரியுமா? மன்னரைக் கடத்திவிட்டார்களாம்! அவரே கையெழுத்துப் போட்ட காகிதம் கையில் இருக்கும்போது! மன்னரை வைத்து இரண்டு வருடமாக எழுதிய அரசியலமைப்பைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

தேநீர்க்கடை:
பெல்ஜியத்தையும் பாருங்கள். அங்கேயும் புரட்சிதான், 1830இல். மன்னராட்சிதான் என்று முடிவு செய்து 1831 பிப்ரவரியில் அரசியலமைப்பை எழுதி முடித்தபோது மன்னரே கிடையாது. அமைச்சர் ஒருவரும் சேர்ந்து கையெழுத்துப் போடாமல் மன்னரின் எந்த ஆணையும் செல்லாது, பதில் சொல்ல வேண்டியவர் அந்த அமைச்சர்தான். பிரெஞ்சு இளவரசர் ஒருவரைக் கேட்டார்கள், அவர் அப்பா விடவில்லை. கடைசியில் லியோபோல்ட் என்ற ஜெர்மானிய இளவரசர் ஒத்துக்கொண்டு ஜூலை 21 அன்று உறுதிமொழி எடுத்தார்.

ராத்திரிப்பறவை:
ஓ, லூயிக்கு அளவெடுத்துத் தைத்தார்கள், இவர்கள் தைத்துவிட்டு ஆள் தேடினார்கள். சரி, 1831ஐப் படித்துவிட்டு வருகிறேன்.