வெள்ளம் வடிந்த பிறகு எங்கே போய் நின்றோம், கையில் என்ன வந்தது

முடிச்சூர்க்காரர்

மொட்டை மாடியில் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்த கதையை எல்லாருமே சொல்லித் தீர்த்தாயிற்று. அதற்குப் பின்னால் நடந்ததை யாரும் எழுதுவதில்லை. பணத்துக்கு எங்கே போனீர்கள், யார் கொடுத்தார்கள், யார் இழுத்தடித்தார்கள்? நானே ஆரம்பிக்கிறேன்.

அடையாறு எங்கள் வீட்டுக்குள் 2015-லும் வந்தது, 2023 மிக்ஜாம் புயலிலும் வந்தது. 2015-ல் தண்ணீர் புகுந்த வீட்டுக்கு 5,000 ரூபாய், குடிசை இழந்தவர்களுக்கு 10,000. வங்கிக் கணக்கில் போட்டார்கள். 2023-ல் 6,000 ரூபாய், டோக்கன் கொடுத்து ரேஷன் கடையில் ரொக்கமாகவே எண்ணிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சேறு வாரும் ஆளுக்கும் மோட்டாருக்குக் காயில் கட்டவும் கையில் ரொக்கம்தான் வேண்டும், அது வந்தது. ஆனால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, பிளைவுட் அலமாரி என்று கணக்குப் போட்டால் 6,000 எந்த மூலைக்கு?

எனக்குப் பெரிய தொகை வந்தது நான் நினைத்தே பார்க்காத இடத்திலிருந்து. வீட்டுக் கடன் ஃபைல் முழுக்க நனைந்திருந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்து மாடியில் செங்கல் வைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவிதான் ஒரு தாளைத் தூக்கிக் காட்டி, "இது என்னங்க, இன்சூரன்ஸ் மாதிரி இருக்கு?" என்றாள். கடன் கொடுத்த அன்றே வங்கி வீட்டுக்கு ஒரு பாலிசி எழுதி, மொத்த பிரீமியத்தையும் கடன் தொகையிலேயே சேர்த்திருக்கிறது. தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடக்கம். வீட்டுக் கடன் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். எங்கள் தெருவிலேயே வேறு சிலர் வீட்டிலும் அப்படி ஒரு தாள் கிடைத்தது.

என்னுடையது பழைய பாலிசி, கட்டடத்துக்கு மட்டும். தரை, கதவு, வயரிங், காம்பவுண்டுச் சுவர் வரைக்கும்தான். பக்கத்து வீட்டுத் தம்பி வைத்திருந்தது 'பாரத் க்ருஹ ரக்ஷா'. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்க வேண்டும் என்று கொண்டுவந்த பாலிசி அது. கட்டடத்துக்கு எடுத்தாலே வீட்டுச் சாமான்களுக்கும் தானாகக் காப்பீடு சேர்ந்துவிடும்: கட்டடத் தொகையில் 20 சதவீதம், உச்சம் 10 லட்சம். அவருக்கு ஃபிரிட்ஜுக்கும் பணம் வந்தது, எனக்கு வரவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி சேதத்தை மதிப்பிட அனுப்பிய சர்வேயர் வந்ததும் முதலில் பார்த்தது சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை. டேப் வைத்து அளந்து, டேப்போடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார். அதனால் வெள்ளையடிக்க அவசரப்படாதீர்கள். நாறுகிற மெத்தையை யாரும் வீட்டுக்குள் வைத்திருக்க முடியாது, தூக்கிப் போடுங்கள். அதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ், மிக்ஸி என்றால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு படம்.

வேளச்சேரி, வாடகை வீடு

முடிச்சூர் அண்ணனுக்குச் சொந்த வீடு. எங்களை மாதிரி ஆட்கள் கதை வேறு. எங்கள் ரேஷன் கார்டு திருவாரூரில், ஈ.பி. கார்டு ஹவுஸ் ஓனர் பெயரில். தண்ணீர் மட்டும் எங்கள் வீட்டுக்குள்.

6,000 ரூபாய் டோக்கனை ரேஷன் கார்டு வைத்துத்தான் கொடுத்தார்கள். இந்தக் கடையில் கார்டு இல்லாதவர்கள் தனியாக விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அதே ரேஷன் கடையில் இன்னொரு வரிசை. இங்கேதான் குடியிருக்கிறோம் என்பதற்கு வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள் என்று பார்த்தால், எங்கள் ஓனர் ஒப்பந்தமே போட்டதில்லை. கடைசியில் கை கொடுத்தது கேஸ் சிலிண்டர் ரசீதுதான், அதில் இந்த வீட்டு முகவரி இருந்தது. விண்ணப்பத்தோடு வங்கி பாஸ்புக் நகலும் வைத்தேன். கடையில் இருந்த அக்கா, "தம்பி, கணக்கு நம்பரை ஒருதரம் சரிபார்த்துக்குங்க, அப்புறம் எங்ககிட்ட வந்து நிக்காதீங்க" என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தார். பணம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

அடுத்தது கார். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவி திருகினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 'இது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் பண்ணியதால் வந்தது' என்று கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இருந்தால் ஒழியத் தப்பிப்பது கஷ்டம். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, நிற்கிற இடத்திலேயே படம் எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, டோ பண்ணி எடுத்துப் போங்கள். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது, அலையாதீர்கள். எங்கள் மாடி வீட்டு சாருக்கு ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதனால் வண்டியை முழு நஷ்டமாகவே எடுத்துக்கொண்டு பணம் கொடுத்துவிட்டார்கள். அவர் அதைக் கொண்டாடினார் என்றே சொல்ல வேண்டும்.

ஏரல், ஜவுளிக் கடை

சென்னையில 6,000 கொடுக்க ஆரம்பிச்சது 2023 டிசம்பர் 17. அதே நாள்தான் எங்க தூத்துக்குடி பக்கம் வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். குளமெல்லாம் உடைஞ்சு, தாமிரபரணி கரை மீறி, ஏரல் பஜார்ல கடைக்குள்ள ஆள் உயரத்துக்குத் தண்ணி. பொங்கலுக்கு எடுத்து வச்ச சரக்கு. சேலைக் கட்டைப் பிரிச்சா ஒன்னோட சாயம் இன்னொன்னுல இறங்கிக் கிடக்கு. அதைப் பார்த்துட்டு ரெண்டு நாள் நான் யார்கிட்டயும் பேசல.

வீட்டுக்கு 6,000 வந்துச்சு. கடைக்கு? கடைன்னா வங்கிதான். சி.சி. லோன், அதாவது சரக்கை அடமானமா வச்சு வாங்குற கடன் இருந்தா, பெரும்பாலும் சரக்கு இன்சூரன்ஸும் கூடவே இருக்கும். வருஷா வருஷம் கணக்குல பிடிச்சிருவாங்க, நாம கண்டுக்கிறதில்ல. எனக்கும் இருந்துச்சு. சர்வேயர் வந்தாரு, மனுஷன் நல்லவர்தான், ஆனா பாலிசியில எந்த முகவரி இருக்கோ அந்த இடத்துச் சரக்கை மட்டும்தான் எழுதுவேன்னுட்டாரு. ரெண்டு தெரு தள்ளி குடோன் இருக்கு, பாதிச் சரக்கு அங்கதான். குடோன் முகவரி பாலிசியில இல்ல. பாலிசி எழுதினப்ப குடோன் சாவியை வாங்கி உள்ள பார்த்துட்டுப் போனது அதே வங்கி ஆளுங்கதான். கேட்டா, அப்ப இருந்த மேனேஜர் மாறிட்டாராம்.

பில்லெல்லாம் கூழாப் போச்சு. ஆடிட்டர்கிட்ட ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் இருந்துச்சு, மதுரை மொத்த வியாபாரி அவர் பக்கத்து பில் நகலை அனுப்பிக் கொடுத்தாரு, அதை வச்சுத்தான் கணக்குக் காட்டினோம். வியாபாரிங்க இன்னொன்னும் தெரிஞ்சுக்கணும். அழிஞ்சுபோன சரக்குக்கு வாங்கும்போது கட்டின ஜி.எஸ்.டி.யைக் கழிச்சிருந்தா அதைத் திருப்பிக் கட்டணும், சட்டம் அப்படித்தான். வெந்த புண்ணுல வேல். அதனால கிளெய்ம் போடும்போதே அந்த வரியையும் நஷ்டத்துல சேர்த்துக் கேளுங்க, ஆடிட்டரை விட்டே எழுதச் சொல்லுங்க.

சிறு வணிகர்களுக்குக் கூட்டுறவு வங்கியில குறைஞ்ச வட்டிக் கடன் ஒரு லட்சம் வரைக்கும் அறிவிச்சாங்க. எங்க பஜார்ல டீக்கடை, பூக்கடை வச்சிருந்தவங்களுக்கு அது பெரிய உதவி. எனக்கு அதைவிடப் பெருசா நின்னது மதுரை அண்ணாச்சி. "பழைய பாக்கி கிடக்கட்டும்யா, பொங்கலுக்குக் கடை திறக்கணும், என்ன வேணும் சொல்லு"ன்னாரு. எந்த அரசாணையிலும் வராத நிவாரணம் அது.

தாம்பரம், பெயர் வேண்டாம்

ஆவணம் பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்கள் வீட்டில் பத்திரம், மார்க் ஷீட் எல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டன.

முடிச்சூர்க்காரர்

பத்திரத்துக்குப் பயப்படாதீர்கள் மேடம். பதிவு செய்த பத்திரத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும், வில்லங்கச் சான்றும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். கடன் இருந்தால் அசல் எப்படியும் வங்கியில்தான் இருக்கும். மார்க் ஷீட், ஆதார், ரேஷன் கார்டு இதற்கெல்லாம் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு சிறப்பு முகாம் போடுவார்கள், 2015-லும் போட்டார்கள், 2023-லும் போட்டார்கள். முகாமிலேயே வேலையை முடித்துவிடுங்கள், பிறகு போனால் ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம். ஒட்டிய தாளை வெடுக்கென்று பிரிக்காமல் நிழலில் உலரவிடுங்கள். ரூபாய் நோட்டு நனைந்து நைந்திருந்தால் எந்த வங்கிக் கிளையிலும் மாற்றித் தர வேண்டும், கமிஷன் கேட்கிறவனிடம் கொடுக்காதீர்கள்.

விழுப்புரம், தென்பெண்ணைக் கரை

2024 ஃபெஞ்சல் புயலில் எங்கள் மாவட்டத்துக்குக் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். சென்னைக்கு 6,000, எங்களுக்கு 2,000-மா என்று கடை வாசலிலேயே சண்டை நடந்தது. கேட்டதில் நியாயம் இருந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அது போதாதென்று சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவில் திறந்த தண்ணீரும் வந்து சேர்ந்தது.

நான் சொல்ல வந்தது மாடு பற்றி. என் மாமியாரின் கறவை மாடு கட்டின கயிற்றோடு செத்துக் கிடந்தது. கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று அறிவித்தார்கள். ஆனால் மாடு செத்ததற்குக் கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று எழுத வேண்டும். நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் தங்கள் மாடுகளை உடனே குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பங்களுக்குச் சிக்கலாகிவிட்டது. என் மாமியார் மட்டும் மாட்டின் காதில் இருந்த மஞ்சள் வில்லையோடு படம் எடுக்கச் சொல்லி என் பையனை விரட்டினார். "நம்பர் தெரியணும்டா, நம்பர்" என்று. அந்தக் காலத்து மனுஷி, கைநாட்டு. பன்னிரண்டு இலக்க நம்பர் உள்ள அந்த வில்லையின் படத்தால்தான் எங்களுக்குப் பணம் வந்தது.

நெல்லுக்கு, 33 சதவீதத்துக்கு மேல் பாழானால் எக்டேருக்கு 17,000 என்று அப்போது அறிவித்தார்கள். நிலம் சொந்தமாக இல்லாமல் குத்தகைக்குப் பயிர் வைத்தவர்கள் அடங்கலில், அதாவது வி.ஏ.ஓ. வைத்திருக்கும் பயிர்க் கணக்கில், தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பயிர் வைத்தது ஒருத்தர், பணம் வாங்கியது இன்னொருத்தர்.

ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ., கடலூர் பக்கம்

வெள்ளம் வந்தாலே ஊரில் எல்லாரும் வி.ஏ.ஓ.வைத்தான் திட்டுவார்கள், திட்டட்டும், பழகிவிட்டது. உள்ளே நடப்பதை ஒருதரம் கேளுங்கள்.

ரேஷன் கார்டுக்குக் கொடுக்கும் தொகை அரசு அந்தந்த நேரத்தில் முடிவு செய்வது. அதற்கு எங்கள் பரிந்துரை தேவையில்லை. வீட்டுச் சேதம் அப்படியல்ல. பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு போட்டிருக்கும் விதி இருக்கிறது. 2022 முதல் 2026 வரைக்கான விதியில், முழுக்க இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய். பகுதி சேதம் என்றால் கல் வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000, அதுவும் சேதம் குறைந்தது 15 சதவீதம் இருந்தால்தான். குடிசைக்கு 8,000. வீடு அடித்துப் போயிருந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தாலோ துணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. மாநில அரசு இதற்கு மேல் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலியில் 2023 வெள்ளத்துக்குப் பிறகு புது வீடு கட்ட 4 லட்சம் வரை அறிவித்தார்கள்.

இந்த 15 சதவீதத்தை யார் அளப்பது? வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் வாசலில் நின்று கண்ணால் பார்த்து எழுதுவதுதான். பின்பக்கச் சுவர் விரிசலை நீங்கள் காட்டினால்தான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டால் உங்கள் பெயர் பட்டியலில் இருக்காது. பக்கத்து வீட்டில் போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போங்கள். விட்டுப்போயிருந்தால் தாசில்தாருக்கு மனு எழுதி ரசீது வாங்குங்கள். அதிலும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்த மனுவை நான் பணியில் இருந்தவரை யாரும் தேடி எடுத்துப் பார்த்ததில்லை.

வேளச்சேரி, வாடகை வீடு

வி.ஏ.ஓ. ஐயா, வாடகைக்கு இருப்பவனுக்கு இந்த வீட்டுச் சேதத் தொகை உண்டா?

ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ., கடலூர் பக்கம்

சுவருக்கான பணம் வீட்டுக்காரருக்கு, தம்பி. துணிமணி, பாத்திரம் குடியிருப்பவருடையது, அதற்கு நீங்கள் கேட்கலாம். நேரில் பார்த்து எழுதும் மகஜரில் 'குடியிருப்போர்' என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

முடிச்சூர்க்காரர்

என் கிளெய்மின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பாதிக்கும் குறைவாகத்தான் கொடுத்தார்கள். தரை பெயர்ந்தது 'பழைய ஈரக்கசிவு' என்று ஒரு வரி. சர்வேயர் ரிப்போர்ட் நகல் கேட்டு எழுதினேன், அதைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை! கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன், ஒரு மாதம் பதிலில்லை. அதன்பிறகு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம், போனேன். சென்னை அலுவலகம்தான் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கிறது, புதுச்சேரி நகரமும் அதில்தான். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், வைக்கவும் விடமாட்டார்கள். கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். விசாரணையில் கம்பெனிக்காரர் 'ஈரக்கசிவு' என்று ஆரம்பித்ததும், டேப்போடு எடுத்த அந்தப் படத்தைக் காட்டினேன். மீதித் தொகை வந்தது, கேட்டது முழுக்க இல்லை, தேய்மானம் கழித்து.

ஏரல் அண்ணாச்சி, குடோன் விஷயத்தில் வங்கி ஆட்கள் சாவி வாங்கிப் பார்த்தார்கள் என்றீர்களே, அவர்கள் சரக்கு ஆய்வு செய்து எழுதிய ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் வங்கியில் இருக்கும். அதில் குடோன் முகவரி இருந்தால் வங்கியின் மேல் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் புகார் போடலாம், அது இதிலிருந்து வேறு. நகல் கேட்டுப் பாருங்கள்.

ஏரல், ஜவுளிக் கடை

கேட்டுட்டேன் அண்ணே. தேடிக்கிட்டு இருக்காங்களாம். எழுத்துல கேட்டிருக்கேன், சீல் போட்ட ரசீதும் கையில இருக்கு.