கோவா ஸ்லாட் மெஷின்: பே டேபிளை (பரிசுப் பட்டியலை) மட்டும் வைத்து எப்படித் தேர்வு செய்வது?

ராயபுரத்திலிருந்து நாலு பேர் அடுத்த மாதம் கோவா போகிறோம். மாண்டோவி ஆற்றுக் கப்பல் கேசினோவில் ஸ்லாட்டுக்கு ஆளுக்கு 5,000 ரூபாய், மூன்று மணி நேரம். போனால் போகட்டும் என்று ஒதுக்கிய பணம்தான். ஆனால் அரை மணியில் காலியாகக் கூடாது.

1 ரூபாய் கிரெடிட், 20 லைன் (படங்கள் பொருந்தினால் பரிசு தரும் வரிசைகள்) என்றால், லைனுக்கு ஒரு கிரெடிட் வீதம் ஒரு அழுத்தத்துக்கு 20 ரூபாய். ‘1 ரூபாய் மெஷின்’ என்று உட்காருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். மணிக்கு 400 அழுத்தம் என்றால் 8,000 ரூபாய் சுழலும். போட்ட பணத்தில் மெஷின் திருப்பித் தருவது 92 சதவீதம் என்று வைத்தால் சராசரி இழப்பு மணிக்கு 640. கையிருப்பு தாங்கும். ஆனால் பெரிய பரிசை எப்போதாவது மட்டும் தரும் மெஷினாக இருந்தால் இந்தச் சராசரிக் கணக்கு உதவாது, வழியிலேயே காசு தீர்ந்துவிடும்.

இதுவரை பார்த்தது: ஹெல்ப் திரையின் படங்களில் பரிசுப் பட்டியலும் லைன்களும்தான் இருக்கின்றன, சதவீதம் இல்லை. போனில் கேட்டதற்கும் பதில் இல்லை. அதே பெயர் இலவச கேமை போனில் 1,000 முறை சுழற்றியாயிற்று. அதுவும் நம்பகமில்லை, ஒரே கேமுக்குப் பல சதவீத செட்டிங் உண்டு, 1,000 சுற்றும் பத்தாது.

‘ரொம்ப நேரம் தராத மெஷின் இப்போ தரும்’ யோசனை வேண்டாம். ஒவ்வொரு சுற்றும் தனி.

பே டேபிளில் எந்தெந்தப் பரிசுகளை ஒப்பிட்டால், அடிக்கடி சின்னதாகத் தரும் மெஷினைக் கண்டுபிடிக்கலாம்?