டிரெய்லரில் ஒரு ஹப் மட்டும் சூடு, பிரேக் ஒரு பக்கம் இழுக்குது: நிப்பிளில் கிரீஸ் அடித்தால் போதுமா?

வண்டிமாடம்:
டிராவல் டிரெய்லர், 3500 பவுண்டு ஆக்சில் இரண்டு, 10 இன்ச் எலெக்ட்ரிக் டிரம் பிரேக். ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் இடது முன் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) மட்டும் கை வைக்க முடியாத சூடு. மற்ற மூன்றும் வெதுவெதுப்புதான். பிரேக் போட்டால் வண்டி வலது பக்கம் இழுக்குது. ஸ்பிண்டில் (ஹப் சுற்றும் அச்சு) நுனியில் கிரீஸ் நிப்பிள் இருக்கு. ரெண்டு வருஷமாகத் திறக்கவே இல்லை, அப்பப்போ கன் வைத்து அடித்ததோடு சரி. இன்னொரு தடவை அடித்துவிட்டு ஓட்டலாமா? கழற்றணும்னா என்ன வாங்கி வைக்கணும்?

கோன்கப்:
ஓட்டாதீங்க, கழற்றுங்க. சூடு இடது பக்கம், இழுப்பு வலது பக்கம். இடது பிரேக் ஒட்டிக்கொண்டு சூடேறியிருந்தால் வண்டி இடது பக்கம்தான் இழுத்திருக்கும். அதனால் சூடு பேரிங்கில். இடது பிரேக் பிடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் அதே நிப்பிள்தான்: சக்கரத்தைச் சுற்றாமல் வேகமாக அடித்த கிரீஸ் ஹப்பின் பின்பக்க ஆயில் சீலைத் தாண்டி பிரேக் ஷூவின் லைனிங்கில் (டிரம்மில் உரசும் பட்டை) இறங்கியிருக்கும்.

12 மாதம் அல்லது 19,000 கிலோமீட்டர், எது முதலில் வருதோ அப்போ திறந்து பார்க்கணும். நிப்பிள் இருப்பதால் அந்தக் கணக்கு மாறாது.

வாங்க வேண்டியது: நாலு ஹப்புக்கும் புது ஆயில் சீல், புது காட்டர் பின் (ஸ்பிண்டில் நட் சுழலாமல் பூட்டும் கம்பி), லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் (2ஆம் கிரேடு), பிரேக் கிளீனர். இந்த ஆக்சிலில் வழக்கமாக வருவது உள் பேரிங் எல் 68149, வெளி பேரிங் எல் 44649. ஆனாலும் பழசில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் வாங்கணும்.

எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சேஸிஸில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்துங்க. ஆக்சில் குழாயில் ஜாக்கி வைத்தால் வளையும். டிரம்மைக் கழற்றினதும் பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீங்க, கிளீனரால் நனைத்துத் துடைங்க. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காய வைங்க. காற்றடித்துச் சுழலவிட்டால் உருளை தெறிக்கும். எந்த பேரிங் எந்த கப்பில் (ஹப்புக்குள் பதிந்திருக்கும் வெளிவளையம்) ஓடினதோ அதிலேயே திரும்பப் போகணும். உருளையில் நீலம் பாய்ந்திருந்தாலோ, கப்பில் குழி, செதில் இருந்தாலோ கோன் (உருளைகள் இருக்கும் உள்வளையம்), கப் ரெண்டையும் சேர்த்தே மாற்றுங்க.

கிரீஸ் திணிப்பதில்தான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகலமான விளிம்பால் அதை அழுத்தி வெட்டி இழுங்க. மறுமுனையில், உருளைகளுக்கு நடுவே, புழு மாதிரி கிரீஸ் வெளியே வரும் வரை அதே இடத்தில் அழுத்தணும். அப்புறம் கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். மேலே பூசிவிட்டால் உள்ளே வெறும் இரும்புதான் ஓடும்.

சீலின் உதடு பேரிங் பக்கம் பார்க்கணும். மரக்கட்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்க.

மூணு ஆம்பியர்:
பேரிங் பற்றி மேலே சொன்னது சரி. டிரம் வெளியே இருக்கும்போதே மேக்னட்டையும் (மின்சாரம் வந்ததும் டிரம்மில் ஒட்டி ஷூவை விரிக்கும் மின்காந்தம்) பாருங்க. முகத்தில் நேரான இரும்புப் பட்டை வைத்தால் இடைவெளி தெரியக் கூடாது. சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ, உள்ளே செம்புச் சுருள் எட்டிப் பார்த்தாலோ மாற்றணும், அதுவும் அதே ஆக்சிலின் ரெண்டு பக்கமும். ஷூ லைனிங் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் அதுவும் முடிஞ்சுது.

12 வோல்ட் கொடுத்து, ஒவ்வொரு மேக்னட் கம்பியிலும் ஆம்ப் மீட்டரைத் தொடராகச் சேர்த்துப் பாருங்க. ஒரு சக்கரம் சுமார் 3 ஆம்பியர், நாலும் சேர்ந்தால் 12. சைபர் வந்தால் கம்பி அறுந்திருக்கு, ரொம்பக் குறைந்தால் ஜாயின்ட்டோ எர்த்தோ கெட்டிருக்கு, கூடினால் சுருள் ஷார்ட். மொத்தத்தை மட்டும் பார்த்தால் எந்தச் சக்கரம் என்று தெரியாது. மேக்னட்டின் ரெண்டு கம்பிக்கும் பிளஸ், மைனஸ் பேதம் இல்லை.

வண்டிமாடம்:
திறந்தாச்சு. இடது முன்: சீல் உதடு கிழிந்திருக்கு, உள் கப்பில் நீலக் கோடு, ஷூ ரெண்டும் கிரீஸில் ஊறிப்போச்சு. ஆம்பியர்: இடது முன் 2.9, இடது பின் 3.0, வலது முன் 3.1, வலது பின் 1.3. ஷூவை பெட்ரோலில் கழுவிப் போடலாமா?

மூணு ஆம்பியர்:
வேண்டாம். ஊறின லைனிங்கை எதில் கழுவினாலும் சூடேறினதும் உள்ளே இருக்கிற கிரீஸ் கசிந்து வரும். முன் ஆக்சிலில் ரெண்டு பக்கமும் மாற்றுங்க. மேக்னட், ஷூ, பேக்கிங் பிளேட் (இவற்றைத் தாங்கும் தகடு) சேர்ந்த முழு செட்டாக வாங்கினால் நாலு போல்ட், ரெண்டு கம்பியோடு வேலை முடியும். ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். இடது செட் வேற, வலது செட் வேற. லைனிங் குட்டையான ஷூ வண்டியின் முன்பக்கம் வரணும்.

வலது பின் 1.3க்கு மேக்னட் வாங்கிடாதீங்க. கம்பியைக் கழற்றி மேக்னட்டின் மின்தடையை மட்டும் ஓம் கணக்கில் பாருங்க. 3க்கும் 4க்கும் நடுவே காட்டினால் அது நல்லா இருக்கு, கோளாறு ஜாயின்ட்டில். முறுக்கி டேப் சுற்றின ஜாயின்ட் உள்ளே பச்சை பூத்திருக்கும். வெட்டி எறிஞ்சுட்டு, கிரிம்ப் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போடுங்க.

மாட்டினதும் பிளேட்டின் அடியில் இருக்கும் துளை வழியாக ஸ்டார் வீலை (ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் பல் சக்கரம்) திருப்பி, சக்கரம் கையால் சுற்றவே கஷ்டமாகும் வரை இறுக்குங்க. பிறகு லேசாக உரசிக்கொண்டே சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்க. புது ஷூ படிய, 65லிருந்து 30 கிலோமீட்டருக்கு இருபது முப்பது தடவை, நடுவே ஆறவிட்டு, பிரேக் போடணும். 300 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி அட்ஜஸ்ட் பண்ணுங்க.

வண்டிமாடம்:
கடைசியா ஒண்ணு. ஸ்பிண்டில் நட்டை எவ்வளவு இறுக்கணும்? காட்டர் பின் ஓட்டை நேர் வரலைன்னா கொஞ்சம் கூட இறுக்கி நேராக்கலாமா?

கோன்கப்:
கூடாது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே 68 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்க, பேரிங் கப்பில் உட்கார அது. அப்புறம் ஹப்பைச் சுற்றாமல் நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்துங்க. ஓட்டை நேர் வரலைன்னா அடுத்த ஓட்டைக்குத் தளர்த்துங்க, ஒருபோதும் இறுக்கக் கூடாது. பின்னை மாட்டினதும் நட் விரலுக்கு லேசாக ஆடும், அதைப் பார்த்துப் பயந்து ரெஞ்சை எடுக்காதீங்க. இறுகின டேப்பர் பேரிங் சூடேறி விரியும், கிரீஸ் இளகி ஓடும். உங்க கப்பில் இருக்கிற நீலக் கோடு அப்படியும் வந்திருக்கலாம்.

வீல் நட்டை நட்சத்திர வரிசையில் ரெண்டு மூணு சுற்றாக இறுக்கி, 16, 40, 80 கிலோமீட்டரில் டார்க் ரெஞ்ச் வைத்துத் திரும்பப் பாருங்க.