பிறப்புக் குறைவால் சுருங்கும் குடித்தொகை: ‘குடித்தேய்வு’ என்னும் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பிறப்புகள் குறைவதால் ஒரு நாட்டின் குடித்தொகை சுருங்குவதற்கு ‘மக்கள்தொகை வீழ்ச்சி’ என்ற தொடரை என்னால் ஏற்க இயலவில்லை. போரிலும் பஞ்சத்திலும் தொகை சடுதியாக வீழும், இது அத்தகையதன்று. தென்கொரியாவின் மொத்தக் கருவள வீதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 1980களிலேயே பெற்றோர் தலைமுறையை ஈடுசெய்யத் தேவையான 2.1 என்னும் பிரதியீட்டு மட்டத்துக்குக் கீழ் இறங்கிவிட்டபோதிலும், இறப்புகள் பிறப்புகளை விஞ்சியது 2020இலேதான். முன்னர் பிறந்த பெருந்தொகையினர் பிள்ளை பெறும் வயதில் இருந்தமையால் இடைக்காலம் முழுவதும் தொகை வளர்ந்தது; ஆபத்து மறைந்தே இருந்தது. அடியிலிருந்து மெல்ல நிகழும் இக்குறைவைக் ‘குடித்தேய்வு’ எனலாம்.

யாழ்ப்பாணத்தவருக்கு இச்சொல் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இன்றைய எல்லைகளுக்குள் 1981இல் ஏறத்தாழ 7,38,000 பேர் வாழ்ந்த எங்கள் மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு ஏறத்தாழ 5,83,000 பேரையே கணக்கிட்டது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் இருந்த 9 நாடாளுமன்ற ஆசனங்கள் 2024இல் 6 ஆயின. இவ்விழப்பின் பெருங்காரணம் போரும் குடியகல்வுமே. அகன்றவர் உழைத்து அனுப்பும் பணம் ஊரில் வீடாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் மாறுகிறது, அவர் திரும்பி வரவும் கூடும். பிறவாத தலைமுறையிடமிருந்து உழைப்போ வரியோ ஒருபோதும் கிடைக்காது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் கொள்கை வகுப்போர் தவறான இடத்தில் தீர்வு தேடுவர்.

குடித்தேய்வில் உழைப்போர் தொகை சுருங்க, ஓய்வூதியச் சுமையும் முதியோர் பராமரிப்பும் எஞ்சியோர் மீது ஏறுகின்றன; 2008ஐ அடுத்துக் குறையத் தொடங்கிய யப்பானில் ஆளில்லா வீடுகளும் மூடப்பட்ட கிராமப் பாடசாலைகளும் பெருகின. பாதுகாப்பும் தப்பவில்லை. 2023இல் கருவள வீதம் 0.72 ஆகிய தென்கொரியாவில் கட்டாயப் படைச்சேவைக்குரிய வயதை எட்டும் இளைஞர் குறைய, படையின் பருமனும் 2025இல் ஏறத்தாழ 4.5 இலட்சத்துக்கு இறங்கியது. வடகொரியாவோ 10 இலட்சத்துக்கு மேற்பட்ட படையினரை வைத்திருக்கிறது.

இறப்புகள் பிறப்புகளை விஞ்சுவதைக் குறிக்க ‘இயற்கைக் குறைவு’ என்ற தொடர் போதுமே என்பது வலுவான மறுப்பு. ஆனால் வீட்டு விலையும் நீண்ட வேலை நேரமும் தாய்மார் மீது விழும் தனிச்சுமையும் விளைவிப்பதை இயற்கை என்பது எனக்கு அநீதியாகப் படுகிறது. ‘குடி’ மதுவை நினைவூட்டும் என்ற தயக்கமும் வேண்டாம். குடித்தொகை, குடிவரவு, குடியகல்வு ஆகியவை எங்கள் பாடநூல்களில் இயல்பாக வழங்குகின்றன.

வரையறையில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: கருவளம் நெடுங்காலம் பிரதியீட்டு மட்டத்துக்குக் கீழ் நின்றதன் விளைவாக இறப்புகள் பிறப்புகளை விஞ்சும் நிலைக்கே இச்சொல் வழங்கவேண்டும், குடியகல்வால் நேரும் இழப்பை இதன் கணக்கில் சேர்க்கலாகாது.