குறிப்பேடா, வேறு சொல்லா? தொடக்கப் பள்ளி அறிவியல் நோட்டுக்குக் கலைச்சொல்

பாளையங்கோட்டையிலிருந்து:
மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, பிள்ளைகள் சோதனை செய்துகொண்டே எழுதும் நோட்டுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'அறிவியல் குறிப்பேடு' என்று இருக்கிறது. மாற்றியாக வேண்டும். குறிப்பேடு என்றாலே கரும்பலகையில் உள்ளதை இறக்கி எழுதுவது என்றாகிவிட்டது. முப்பது நோட்டைத் திறந்தால் முப்பதிலும் ஒரே வாக்கியம். இந்த நோட்டின் பக்கம் வேறு மாதிரி. மேலே தேதியும் கேள்வியும். அடுத்து 'என்ன ஆகும்னு நினைக்கேன், ஏன்'. பிறகு பாகம் குறித்த படம், அளவுகள். முடிவில் 'இதை வைத்து இப்படிச் சொல்லுதேன்'. ஆய்வேடு முனைவர் பட்டத்துக்குப் போய்விட்டது, பதிவேடு வருகைக்குப் போய்விட்டது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
'நோக்கேடு' சரிவருமா அண்ணாச்சி? உற்றுநோக்கல் பாடநூலில் புழங்கும் சொல்தானே. இல்லையென்றால் 'கண்டெழுதேடு'.

நாங்குநேரியிலிருந்து:
நோக்கேடு வேண்டாம் டீச்சர், சீர்கேடு, மானக்கேடு வரிசையில் காதில் விழுகிறது. கண்டெழுதேடு என்றால் கண்டதையும் எழுதுவது என்று கேலி செய்வார்கள். தவிர, பார்ப்பது பாதி வேலைதான். பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரையின் கூட்டை வரைவது நோக்கல். ஊருக்குள் ஆள் நடமாடும் தெருவின் மரத்தில் ஏன் கட்டுகிறது என்று பிள்ளை கேட்டால்தான் அந்தப் பக்கம் நிறையும். ஆகவே 'வினவேடு'. ஆய்வு + ஏடு ஆய்வேடு ஆனதுபோல வினவு + ஏடு. இலக்கணம் இடிக்காது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
வினாத்தாள் ஞாபகம் வருமே சார். பரீட்சை நோட்டு என்று நினைத்துப் பெற்றோரே சரியான விடையை எழுதிக் கொடுத்து அனுப்பினால்?

பாளையங்கோட்டையிலிருந்து:
நியாயமான பயம். ஒரு சோதனையில் வைத்துப் பார்ப்போம். கண் இல்லாத பாதித் தேங்காய்ச் சிரட்டை இரண்டு (கண் உள்ள பாதியில் தண்ணீர் ஒழுகும்). இரண்டிலும் ஈரப் பஞ்சு, இரவு முழுக்க ஊறிய பாசிப்பயறு ஐந்தைந்து. ஒன்று ஜன்னல் பக்கம், மற்றது மூடிய அட்டைப்பெட்டிக்குள். ஏழு நாள், ஒரே நேரத்தில், தண்டின் உயரத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும்.

பலரும் 'இருட்டில் வளராது' என்றுதான் எழுதுவார்கள். ஆனால் பெட்டிக்குள் இருப்பதுதான் வெளுத்து, நெடுநெடுவென்று நீண்டிருக்கும். விதையில் இருக்கும் உணவைச் செலவழித்து வெளிச்சம் தேடித் தண்டு நீளுகிறது, பச்சையம் உண்டாவதில்லை. உடனே ரப்பர் வெளியே வரும். 'வளராது' அழிந்து 'வளரும்' ஆகும். பிள்ளை முதலில் என்ன நினைத்தது என்பதற்கு அப்புறம் தடயமே இல்லை. அதனால் கணிப்பைப் பேனாவில் எழுத வைக்க வேண்டும். மாற்றினால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் புது எண்ணம். முதல் நாளே பக்க எண் போட்டுவிட்டால் கிழிப்பதும் நிற்கும்.

இன்னொரு சறுக்கல்: நம்மூர் வெயிலில் ஜன்னல் சிரட்டையின் பஞ்சு மதியத்துக்குள் காய்ந்துவிடும். பயறு வாடும். 'வெளிச்சம் ஆகாது' என்று பிள்ளை முடிவு கட்டும். வெயில் நேரே விழாத இடத்தில் வைத்து, இரண்டு பஞ்சும் ஒரே ஈரத்தில் இருக்கிறதா என்று காலையும் மதியமும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஊற்றிய தண்ணீரையும் நோட்டில் எழுதியிருந்தால்தான் இந்தத் தப்பு பிடிபடும்.

வினாத்தாளில் கேட்பவர் ஆசிரியர். இதில் கேட்பது பிள்ளை. அந்த வித்தியாசம் 'வினவு' என்ற வினையில் இருக்கிறது, 'வினா'வில் இல்லை. என் ஓட்டு வினவேட்டுக்கு. பிள்ளைகள் வாயில் 'வினவு நோட்டு' என்று வந்தால் வரட்டும்.

நாங்குநேரியிலிருந்து:
அப்படியானால் விளக்கக் குறிப்பு இது: 'வினவேடு: மாணவர் தம் கேள்வி, கணிப்பு, அளவு, படம், சான்றுடன் கூடிய முடிவு ஆகியவற்றைச் சோதனை நடக்கும்போதே தம் சொல்லில் எழுதும் ஏடு.' நோட்டு வாங்கும்போது ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளையாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கோடு போட்ட தாளில் வேர் வரைந்தால் கோடு எது, வேர் எது என்று தெரியாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
சரி சார், ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேருங்கள்: இதில் மதிப்பெண்ணும் சிவப்பு மையும் கூடாது. மதிப்பெண் போட்டால் அடுத்த வாரமே எல்லாரும் வகுப்பில் முதலாவது வரும் பிள்ளையைப் பார்த்து எழுதுவார்கள். இரண்டு விரல் அகலம் ஓரம் விடச் சொல்லி, 'எத வச்சு சொல்லுத?' என்று பென்சிலில் ஆசிரியர் கேட்டால் போதும். ஒரு நாளைக்கு ஆறு நோட்டு பார்த்தால் முப்பது பேர் ஒரு வாரத்தில் முடியும்.